3 லட்சம் டாலர் உயில் பணம்: ஒரு சிறிய யூதக் கடன் சங்கம் எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊர். அங்கே மூன்று தலைமுறையாக நடந்துவரும் சிறிய யூத வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடனாக வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் பணம் 4 லட்சம் டாலர். ஆண்டுச் செலவு 60,000 டாலர்: பகுதிநேர ஊழியர் ஒருவரின் சம்பளம், சின்ன அலுவலக அறை, காப்பீடு, கணக்காளர் கட்டணம். நன்கொடையாக வருவது 55,000. வருடாவருடம் 5,000 டாலர் துண்டு விழுகிறது. டிசம்பர் மாதத்தில் நிர்வாகிகளில் யாராவது ஒருவர் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுகிறார். இந்த நேரத்தில், ஒரு காலத்தில் அங்கே கடன் வாங்கிக் கடை வைத்து முன்னுக்கு வந்த ஒருவர் காலமாகிறார். உயிலில் சங்கத்துக்கு 3 லட்சம் டாலர் எழுதி வைத்திருக்கிறார். நிபந்தனை எதுவும் இல்லை.

சங்கம் நான் கணக்குப் போட எடுத்துக்கொண்டது. எந்த உண்மைச் சங்கத்தின் பெயரும் இதற்குப் பின்னால் இல்லை. ஆனால் கேள்வி உண்மையானது. அமெரிக்கத் தர்ம நிறுவனங்கள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கு அறிக்கைகளான 990 படிவங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஒரே நிறுவனத்தின் பத்துப் பன்னிரண்டு வருடப் படிவங்களை வரிசையாக வைத்துப் படித்தால், ஒரு பெரிய உயில் பணம் வந்த வருடம் தனியாகத் தெரியும். அதற்கடுத்த ஐந்து வருடங்களில் அந்த நிறுவனம் வலுப்பட்டதா, வீங்கிப்போனதா என்பதும் தெரிந்துவிடும்.

குழுக் கூட்டத்தில் நான்கு கருத்து எழும். முழுப் பணத்தையும் கடனாகக் கொடுத்துவிடலாம் என்பார் ஒருவர். அசலைத் தொடாமல் நிரந்தர நிதியாக வைத்து, வருமானத்தை மட்டும் எடுக்கலாம் என்பார் இன்னொருவர். கஷ்டப்படுகிறவர்களுக்குப் பத்து வருடத்தில் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்பது மூன்றாவது. ஊரில் உள்ள பெரிய யூத அமைப்போடு சேர்ந்துவிட்டு, நிர்வாகத் தலைவலியை அவர்களிடம் விட்டுவிடலாம் என்பது நான்காவது. எனக்கு முதல் வழியின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் அதை அப்படியே செய்தால் சங்கம் சில வருடங்களில் மூச்சுத் திணறும் என்பதையும் கணக்கு காட்டுகிறது.

இந்தச் சங்கங்கள் எங்கிருந்து வந்தன

வட்டி வாங்காமல் கடன் கொடுப்பது யூதர்களுக்கு வேத கட்டளை. யாத்திராகமம் 22ஆம் அதிகாரம், லேவியராகமம் 25, உபாகமம் 23 என்று மூன்று இடங்களில் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தபோது, உச்சியில் வைத்தது சோறு போடுவதை அல்ல. விழப்போகிறவனுக்குக் கடன் கொடுத்தோ, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டோ, வேலை தேடிக் கொடுத்தோ அவன் இன்னொருவர் கையை எதிர்பார்க்காதபடி செய்வதைத்தான் வைத்தார். அதனால் யூதர்கள் குடியேறிய ஊர்களிலெல்லாம் ஜெப ஆலயத்துக்கும் இடுகாட்டுக்கும் அடுத்தபடியாக ஒரு கெமாஹ், அதாவது வட்டியில்லாக் கடன் நிதி, முளைத்துவிடும்.

நியூயார்க்கின் ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி 1892இல் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் 95 டாலர் மூலதனத்தில் தொடங்கியது. தள்ளுவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சில டாலர்கள் கடன் கொடுத்தது. டெட்ராய்ட் 1895, சான் பிரான்சிஸ்கோ 1897, லாஸ் ஏஞ்சலஸ் 1904 என்று ஊர் ஊராகப் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, முன்பு குடியேறியவர்களின் பிள்ளைகள் நடுத்தர வர்க்கமாகிவிட்டார்கள், வங்கிகளும் சாதாரண மக்களுக்குத் தவணைக் கடன் கொடுக்கத் தொடங்கின. பல சங்கங்கள் ஆளில்லாமல் மூடப்பட்டன. மிச்சமிருந்தவற்றுக்குச் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த யூதர்களால் மறுபடி வேலை வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது மீண்டும் வரிசை நீண்டது. இன்று பெரிய சங்கங்கள் பலவும் மதம் பார்க்காமல் ஊரில் உள்ள எல்லாருக்கும் கொடுக்கின்றன.

அந்த 95 டாலரின் இன்றைய மதிப்பு 3,000 டாலருக்குச் சற்றே மேல். அதை மட்டும் வைத்துச் சுற்றவிட்டிருந்தால் இன்றைக்கு ஒரு குடும்பத்தின் பல் சிகிச்சைக்குக்கூடப் போதாது. சங்கம் வளர்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையும் மேலே மேலே பணம் போட்டதுதான். கீழே வரும் கணக்குகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முழுவதையும் கடனாகக் கொடுத்தால்

ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். 5,000 டாலர், மாதம் 200 வீதம் 25 தவணை, வட்டி பூஜ்யம், ஜாமீன் கையெழுத்து இரண்டு பேர். முதல் மாதம் 5,000 நிலுவை, கடைசி மாதம் 200. சராசரியாக இந்தக் கடன் சங்கத்தின் பணத்தில் 2,600 டாலரைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே 3 லட்சம் டாலரைச் சுற்றவிட்டால் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 115 கடன்கள் நடப்பில் இருக்கும். வருடத்துக்குப் புதிதாக 55 குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். அதாவது 3 லட்சம் டாலர் வருடந்தோறும் கிட்டத்தட்ட 2,75,000 டாலர் கடனாக வெளியே போய், திரும்பவும் வந்துகொண்டே இருக்கும்.

இதனால் கடன் வாங்குகிறவருக்கு என்ன லாபம்? அமெரிக்காவில் கடன் அட்டைகளின் சராசரி வட்டி 2023இலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 21 சதவீதம் என்று வைத்து, அதே 5,000 டாலரை 25 மாதத்தில் அடைத்தால் வட்டி மட்டும் 1,200 டாலர் ஆகும். சங்கத்திடம் வாங்கியவருக்கு அந்த 1,200 மிச்சம். 55 குடும்பங்களுக்குச் சேர்த்தால் வருடத்துக்கு 66,000 டாலர். கார் எஞ்சின் பழுதாகி வேலைக்குப் போக முடியாமல் நிற்கிற ஒருவருக்கு இந்தக் கணக்கு வட்டியோடு முடிவதில்லை. வண்டி ஓடினால்தான் சம்பளமே வரும். அதை எண்ணில் போட எனக்கு வழியில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

வாராக்கடன் பெரிய தொல்லை இல்லை. இத்தகைய சங்கங்கள் வழக்கமாகச் சொல்வது 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது என்பதுதான். காரணம் ஜாமீன். கடன் வாங்கியவர் ஒரு தவணை தவறினால் ஊழியர் முதலில் அவரைக் கூப்பிடுவார், அப்புறம் ஜாமீன்காரரை. ஜாமீன்காரர் பெரும்பாலும் மைத்துனராகவோ, கூட வேலை பார்ப்பவராகவோ இருப்பார். அவருக்கு முகம் கொடுக்க வேண்டுமே என்பதற்காகவே பணம் வந்துவிடும். 1 சதவீதம் போனாலும் வருட இழப்பு 3,000 டாலருக்குள்தான்.

சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, பணவீக்கம். வட்டி வாங்காத பணம் உட்கார்ந்த இடத்திலேயே தேய்கிறது. வருடம் 3 சதவீதம் என்று வைத்தாலும் 20 வருடத்தில் 3 லட்சத்தின் வாங்கும் சக்தி 1,66,000 டாலர் அளவுக்கு இறங்கிவிடும். 2022இல் அமெரிக்கப் பணவீக்கம் 8 சதவீதமாக இருந்தது. அந்த ஒரே வருடத்தில் இந்தச் சங்கங்களின் மூலதனம் சத்தமில்லாமல் அந்த அளவு சுருங்கியது. ஐந்தொகையில் இது தெரியவே தெரியாது. டாலர் எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

இரண்டு, கடன் பெருகினால் வேலை பெருகும், வருமானம் மட்டும் பெருகாது. 4 லட்சத்தில் வருடத்துக்கு 74 கடன் கொடுத்துக்கொண்டிருந்த சங்கம் 7 லட்சத்தில் 129 கடன் கொடுக்கும். விண்ணப்பத்தைப் படிக்க வேண்டும், நேரில் பேச வேண்டும், ஜாமீன்காரரின் சம்பளச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும், மாதம் 269 தவணைகளைப் பதிய வேண்டும். பகுதிநேர ஊழியரின் மணி நேரம் கூடும். செலவு 60,000இலிருந்து 75,000 ஆகலாம். துண்டு விழுவது 5,000இலிருந்து 20,000க்குத் தாவும். டிசம்பரில் கையிலிருந்து போடும் நிர்வாகியால் அதைத் தாங்க முடியாது. கடைசியில் திரும்பி வரும் தவணைப் பணத்திலிருந்தே சம்பளம் கொடுக்கத் தொடங்குவார்கள். விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுகிற கதைதான்.

நிரந்தர நிதியாக வைத்தால்

இந்த இரண்டு சிக்கலுக்கும் நிரந்தர நிதி நேரடியான மருந்து. 3 லட்சத்தைப் பங்குகளிலும் பத்திரங்களிலும் பிரித்துப் போட்டு, வருடம் 4 சதவீதம், அதாவது 12,000 டாலர் எடுத்துக்கொள்ளலாம். நீண்ட காலத்தில் 7 சதவீதம் வளர்ந்தால் மீதி 3 சதவீதம் பணவீக்கத்துக்குச் சரியாகிவிடும். துண்டு விழுகிற 5,000 அடைபடும், 7,000 மேலும் கிடைக்கும். பொருளாளருக்கு இரவில் தூக்கம் வரும். குழுக்களில் பெரும்பாலும் இந்தக் கருத்துதான் ஜெயிக்கிறது, அதற்கு நியாயமும் உண்டு.

ஆனால் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். 20 வருடத்தில் நிரந்தர நிதி இன்றைய மதிப்பில் 2,40,000 டாலர் கொடுத்திருக்கும். 3 லட்சம் மூலதனமும் அப்படியே இருக்கும். அதே பணம் கடனாகச் சுற்றியிருந்தால், பணவீக்கத் தேய்மானத்தைக் கழித்த பிறகும், குடும்பங்களுக்கு மிச்சப்படுத்திய வட்டி இன்றைய மதிப்பில் 10 லட்சம் டாலர் அளவுக்கு வரும். 1,66,000 மதிப்புள்ள மூலதனம் மீதி இருக்கும். கூடுதல் நிர்வாகச் செலவாக வருடம் 15,000 வீதம் 3 லட்சத்தையும், வாராக்கடனாக 50,000 சொச்சத்தையும் கழித்தாலும் கடன்தான் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. கடன் சங்கத்தின் கையில் இருக்கும் பணத்துக்குப் பங்குச் சந்தையில் கிடைப்பதைவிடக் கூடுதல் பலன் சொந்த ஊரிலேயே கிடைக்கிறது. அந்தப் பலன் சங்கத்தின் புத்தகத்தில் வரவாக ஏறுவதில்லை என்பதால் கூட்டத்தில் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

நிரந்தர நிதியில் சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. இதைப் பல குழுக்கள் குழப்பிக்கொள்கின்றன. நன்கொடையாளர் தானே எழுத்தில் "அசலைத் தொடக்கூடாது" என்று சொன்னால்தான் அது உண்மையான நிரந்தர நிதி. அதைப் பிற்காலக் குழு நினைத்தால் உடைக்க முடியாது. நீதிமன்றமோ மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகமோ தலையிட வேண்டியிருக்கும். நியூயார்க் போன்ற மாநிலங்களில் அத்தகைய நிதியிலிருந்து ஒரே வருடத்தில் 7 சதவீதத்துக்கு மேல் எடுத்தால், விவேகமில்லாத செலவு என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். நம் உதாரணத்தில் உயிலில் நிபந்தனை இல்லை. ஆகவே குழு தீர்மானம் போட்டு ஒதுக்கினாலும் அது குழுவே ஒதுக்கிய நிதிதான். அடுத்த குழு இன்னொரு தீர்மானத்தில் மாற்றலாம். கணக்கு விதிகளின்படியும் அது நன்கொடையாளர் கட்டுப்பாடு இல்லாத சொத்து என்ற தலைப்பில்தான் வரும். எனக்கு இந்த நெகிழ்வு பெரிய வரம் என்று தோன்றுகிறது. 2050இல் அந்த ஊரில் என்ன தேவை இருக்கும் என்று இன்று உட்கார்ந்திருக்கும் ஏழு பேருக்குத் தெரியாது.

முதலீடு என்றதும் 2008 டிசம்பரைப் பேசாமல் போக முடியாது. நியூயார்க்கின் முதலீட்டு மேலாளர் பெர்னார்ட் மேடாஃபின் மோசடி வெளிப்பட்டபோது யூதத் தர்ம நிறுவனங்கள் அடிவாங்கிய அளவுக்கு வேறு எந்த வட்டமும் வாங்கவில்லை. எலி வீசல் அறக்கட்டளை 1 கோடியே 52 லட்சம் டாலர் இழந்தது. அது கிட்டத்தட்ட அவர்களிடமிருந்த அத்தனையும். ஹடாசா பெண்கள் அமைப்பின் கணக்கில் 9 கோடி டாலர் இருப்பதாகக் காட்டிய முதலீடு காற்றில் போனது. கலிஃபோர்னியாவின் சேஸ் குடும்ப அறக்கட்டளை கதவையே மூடிவிட்டது. நம்ம ஆள், நம்ம ஆலயத்துக்கு வருகிறவர், நம்ம பெரியவர்கள் எல்லாரும் அவரிடம்தான் போட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை, சரிபார்ப்பு இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதே சமூகத்தின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஏறத்தாழ 1,800 வருடத்துக்கு முன்பே தர்மப் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்து பகிர்ந்தளிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. சிறிய சங்கம் முதலீடு செய்வதானால் பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும், செலவு குறைந்த குறியீட்டு நிதியும் அரசுக் கருவூலப் பத்திரமும் போதும். தெரிந்தவர் நடத்தும் தனியார் நிதி வேண்டாம். காசோலையில் இரண்டு கையெழுத்து, வங்கி அறிக்கையைக் கையெழுத்துப் போடாத மூன்றாமவர் பிரித்துப் பார்ப்பது, இவ்வளவு செய்தாலே பாதிக் கவலை தீரும்.

கொடுத்துத் தீர்ப்பது

இதற்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட், தர்மப் பணம் காலாகாலத்துக்கும் முடங்கிக் கிடப்பதை வெளிப்படையாக எதிர்த்தவர். 1917இல் தொடங்கிய அவரது நிதி, அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிக்கூடங்கள் எழ உதவிவிட்டு 1948இல் கணக்கை முடித்துக்கொண்டது. யூதக் கல்விக்காக 1984இல் உருவான அவி ஹாய் அறக்கட்டளையும் வட அமெரிக்காவில் 2019 முடிவோடு மானியங்களை நிறுத்திக்கொள்வதென்று முன்கூட்டியே நாள் குறித்துச் செயல்பட்டது.

எங்கள் உதாரணச் சங்கத்துக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன். கொடுத்துத் தீர்ப்பது, ஒரு குறிப்பிட்ட வேலையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க முடியும் என்றால் நல்ல வழி. பள்ளிக்கூடம் கட்டலாம், கட்டி முடிக்கலாம். கடன் தேவை அப்படி முடிவதில்லை. வருடம் 30,000 வீதம் பத்து வருடம் மானியமாகக் கொடுத்தால் வருடத்துக்கு ஏழெட்டுக் குடும்பங்கள் பயன்பெறும். 55 குடும்பங்களோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. தவிர, கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டு, சில வருடம் கழித்து இன்னொருவருக்கு ஜாமீன் போட வருவார். அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். கையேந்தாமல் உதவி பெற முடியும் என்ற மரியாதையை மானியத்தால் கொடுக்க முடியாது.

ஒரே ஒரு நிலையில் நான் இதற்குக் கை தூக்குவேன்: ஊரைவிட்டு மக்கள் போய்க்கொண்டிருந்தால். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கிழக்கு ஐரோப்பாவின் ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தனித்தனியாக ஊர்ச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். நோய்க்கு உதவி, இறந்தால் இடுகாட்டில் இடம் என்பது சந்தாதாரர்களுக்கு அவர்கள் கொடுத்த வாக்கு. அடுத்த தலைமுறை புறநகருக்குப் போனதும் சந்தா நின்றது, கூட்டத்துக்கு வர ஆளில்லை. செயலாளர் இறந்ததும் புத்தகங்கள் யார் வீட்டு அலமாரியிலோ தங்கிவிட்டன. கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. சில இடுகாடுகளில் புல் மண்டி, கற்கள் சாய்ந்து கிடக்கின்றன. செயலிழந்த இத்தகைய சங்கங்கள் பலவற்றின் பொறுப்பை நியூயார்க் மாநிலத்தின் கலைப்பு அலுவலகமே ஏற்க வேண்டி வந்தது. இருக்கிற பணத்தை, ஆட்கள் இருக்கும்போதே, இன்னாருக்கு இன்ன வேலைக்கு என்று ஒப்படைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. இன்று சின்ன ஊர்களின் ஜெப ஆலயங்கள் மூடுவதற்கு முன்பே இப்படித் திட்டமிட உதவுவதற்கென்றே ஜூயிஷ் கம்யூனிட்டி லெகசி ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இயங்குகிறது.

பெரிய அமைப்போடு சேர்வது

அமெரிக்க யூத ஊர்களில் ஃபெடரேஷன் என்ற பொது வசூல் அமைப்பு இருக்கும். 1895இல் பாஸ்டனில் தொடங்கிய முறை. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக வீட்டு வாசலில் நிற்காமல், ஒரே இயக்கமாக வசூலித்துப் பங்கிட்டுக் கொள்வது. அதோடு முழுதாகச் சேர்ந்தால் அறை வாடகை, கணக்காளர், காப்பீடு எல்லாம் பங்கு போடப்படும். செலவு 60,000இலிருந்து கணிசமாக இறங்கும். உண்மையில் இது கவர்ச்சியான வழிதான். நிர்வாகக் குழுவில் எல்லாருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது, புதியவர்கள் வரவில்லை என்றால் வேறு வழியே இல்லாமலும் போகலாம்.

இழப்பது என்ன? சங்கத்தின் பணத்தை அவர்களுடைய அறநிதியில் வைத்தால், ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும்: தேவை மாறிவிட்டதாகக் கருதினால் நிதியை வைத்திருக்கும் அமைப்புக்கு அதன் நோக்கத்தை மாற்றும் அதிகாரம் உண்டு. நெருக்கடி வரும்போது எது முதலில் வெட்டுப்படும் என்பதைச் சின்னச் சங்கத்தால் தீர்மானிக்க முடியாது. பெரியது என்பதாலேயே பத்திரமானது என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் 1934இலிருந்து இயங்கிய எஃப்.இ.ஜி.எஸ். என்ற மாபெரும் சமூக சேவை நிறுவனம், 1 கோடியே 94 லட்சம் டாலர் பற்றாக்குறையில் சிக்கி 2015இல் திவாலானது. அரசு ஒப்பந்தங்கள் வேலைக்கான முழுச் செலவையும் கொடுக்கவில்லை, தலைமையகச் செலவு ஏறிக்கொண்டே போனது. ஆயிரக்கணக்கானவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த திட்டங்களை அவசர அவசரமாக வேறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, கடன் முடிவெடுக்கிற மேசை தூரமாகிவிடும் என்பது. ஊர்க்காரர் மூன்று பேர் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிக்கும்போது, அந்த ஜாமீன்காரர் யார், அவர் சொல் எப்படிப்பட்டது என்று தெரிந்தே படிக்கிறார்கள். 99 சதவீதம் திரும்பி வருவதன் காரணமே அதுதான். ஆகவே முழு இணைப்பு வேண்டாம், பின்னலுவலக வேலைகளை மட்டும் அவர்களிடம் கட்டணத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பேன். கணக்கு எழுதுவது, சம்பளப் பட்டியல், காப்பீடு. கடன் முடிவும் பணமும் சங்கத்திடமே இருக்கட்டும்.

எப்படிப் பிரிப்பது

என் கணக்கில், 3 லட்சத்தில் 2 லட்சம் கடனுக்கு. ஒரே நாளில் வேண்டாம். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் இரண்டு வருடத்தில். முழுதும் சுற்றில் வந்ததும் வருடத்துக்கு 37 கடன்கள் கூடும். அந்த வேகத்தில் ஊழியரின் மணி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். செலவு 68,000 அளவில் நிற்கும். மீதி 1 லட்சம், குழுவே ஒதுக்கிய கையிருப்பு. அதில் ஒரு வருடச் செலவுக்கான பங்கைக் கருவூலப் பத்திரத்திலும், மற்றதைக் குறியீட்டு நிதியிலும் வைத்து, வருடம் 4,000 எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆண்டு நன்கொடை 55,000இலிருந்து 64,000 ஆக வேண்டும். இந்த 9,000 டாலர்தான் முழுத் திட்டத்தின் அச்சாணி. மூன்று வருடம் கெடு வைக்க வேண்டும். அதுவரை விழும் துண்டைக் கையிருப்பு தாங்கும். மூன்று வருடத்தில் ஏறவில்லை என்றால் புதிய கடன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, திரும்பி வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கையிருப்புக்கு மாற்ற வேண்டும். குழுவே ஒதுக்கியது என்பதால் இரண்டு பக்கமும் நகர்த்த முடியும்.

அந்த 9,000 எங்கிருந்து வரும்? பழைய கடனாளிகளிடமிருந்து. கடைசித் தவணை கட்டிய நாளில் ஊழியர் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பி, மாதம் 10 அல்லது 18 டாலர் தொடர்ந்து கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். 18 யூதர்கள் நன்கொடையில் விரும்பும் எண். எபிரேயத்தில் உயிரைக் குறிக்கும். வருடத்துக்கு 100 பேர் கடன் முடிக்கிறார்கள் என்றால் அதில் 15 பேர் மாதம் 18 கொடுத்தாலே 3,240 டாலர். மூன்று வருடத்தில் அவர்கள் சேரச் சேர இலக்கை எட்டிவிடலாம். மாதம் 200 கட்டிப் பழகிய குடும்பத்துக்கு 18 பெரிய சுமையாகத் தெரியாது. கொடுக்க முடியாதவரிடம் இரண்டாவது முறை கேட்கக் கூடாது, அடுத்த கடன் கேட்டு வரும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் கூடாது. அப்படி எடுத்தால் அது வேறு பெயரில் வட்டி ஆகிவிடும்.

பணம் வருவதற்கு முன்பே கணக்காளரிடம் பேசவேண்டிய விஷயங்களும் உண்டு. இதுவரை வரவு 2 லட்சத்துக்கும் சொத்து 5 லட்சத்துக்கும் கீழே இருந்ததால் சங்கம் சுருக்கமான 990-இஇசட் படிவம் கொடுத்துவந்திருக்கும். இந்த வருடம் வரவு 3,55,000, சொத்து 7 லட்சம். இனி முழுப் படிவம்தான். கட்டணம் ஏறும். நியூயார்க் மாநிலத்தில் பதிவு என்றால், வரவு 2,50,000ஐத் தாண்டும் அந்த வருடத்துக்குச் சான்று பெற்ற கணக்காளரின் மறு ஆய்வு அறிக்கையும் வேண்டும். அப்புறம், ஒரே ஆளிடமிருந்து இவ்வளவு பெரிய தொகை வருவதால் பொதுத் தர்ம நிறுவனம் என்ற தகுதிக்கு வேண்டிய பொதுமக்கள் ஆதரவு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். ஐந்து வருட மொத்த வரவு 5,75,000. அதில் ஒருவர் கொடுத்ததில் 2 சதவீதம், அதாவது 11,500 வரைதான் பொது ஆதரவாக எண்ணப்படும். மற்ற நன்கொடைகள் சின்னச் சின்னதாகப் பலரிடமிருந்து வந்தவை என்றால், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 சதவீதம் வரும். பயமில்லை. பாதி நன்கொடை இரண்டு குடும்பங்களிடமிருந்து வருகிறது என்றால் மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். எதிர்பாராமல் வந்த பெரிய தொகையை இந்தக் கணக்கிலிருந்து விலக்கவும் விதியில் இடம் இருக்கிறது.

தீர்மானத்தில் இன்னொரு வரியும் எழுத வேண்டும்: தகுதியான விண்ணப்பங்கள் தொடர்ந்து இரண்டு வருடம் குறைந்து, கடன் நிதியில் மூன்றில் ஒரு பங்கு வங்கியில் சும்மா கிடந்தால், குழு மறுபடி உட்கார்ந்து கொடுத்துத் தீர்ப்பதா, பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சேர்வதா என்று பேசியே ஆக வேண்டும். இந்த வரியை உயில் பணம் கைக்கு வந்த அதே கூட்டத்தில், எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும்போதே நிறைவேற்றிவிடுவது சுலபம்.